ஒற்றரும் அறனும்: ‘தி அமெரிக்கன்ஸ்’ எழுப்பிய வழக்கு

கதைமாந்தரைக் கூண்டிலேற்றி வழக்காடுதல் நமக்குப் புதிதன்று. வாலியை மறைந்துநின்று எய்தது முறையோ என்னும் வினா பட்டிமன்றங்களில் இன்றும் முடிந்தபாடில்லை. அத்தகைய வழக்கொன்றை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்று அண்மையில் எழுப்பிற்று. 2013 சனவரி முதல் 2018 மே வரை, ஆறு பருவங்களில் 75 பகுதிகளாக ஒளிபரப்பான ‘தி அமெரிக்கன்ஸ்’ என்பதே அது. அதனைப் படைத்த ஜோ வைஸ்பெர்க் முன்னர்ச் சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர். உருசியாவுக்காக அமெரிக்காவில் மறைந்து வாழ்ந்த ஒற்றர் பதின்மர் 2010 சூனில் சிறைப்பட்ட நிகழ்ச்சியே இதற்கு வித்து. ஆயினும் கதை 1981 தொடங்கி 1987 திசம்பர் முடிய, பனிப்போர்க் காலத்தில் நிகழ்கின்றது.

பிலிப், எலிசபெத் என்னும் சோவியத்து ஒற்றர் இருவர் வாசிங்டனை அடுத்த புறநகரொன்றில் கணவன் மனைவியராய்ப் பயண முகவர் நிலையம் நடத்துகின்றனர். எதிர்வீட்டில் வாழ்பவரோ எஃப்.பி.ஐ. அலுவலர் சுடான் பீமன். மூன்றாம் பருவத்தில் (2015) இரவில் தனியே கணக்கெழுதிக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தியை, அவளுடைய மருந்தையே அளவுக்கு மிஞ்சி விழுங்குவித்து எலிசபெத் கொல்கின்றாள். உலகம் நன்மையுறவே இது செய்வதாகக் கூறுகின்றாள். தீமை செய்வோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது அதுவே என்கின்றாள் முதியவள். காண்போர் இருகூறாய்ப் பிரிந்தது இத்தகைய இடங்களிலேயாம். போர்வீரன் செயலை ஒற்றன் செய்யின் ஏன் பழித்தல் வேண்டும் என்பர் ஒருசாரார். போர்க்களத்தில் இருவர்க்கும் படைக்கலம் உண்டு. அம்முதியவளுக்கு யாதுண்டு என்பர் மறுசாரார். பின்னவர் கூற்றே வலிவுடைத்து.

மிகக் கடிய வழக்கு இறுதிப் பகுதியைப் பற்றியது. வண்டி நிறுத்தகத்தில் பிலிப்பையும் எலிசபெத்தையும் அவர்தம் மகள் பெய்சையும் துப்பாக்கி முனையில் மடக்கிய பீமன், நெடிய உரையாடலுக்குப் பின் வழிவிட்டு நிற்கின்றார். அவர் தம் கடமையைக் காட்டிக்கொடுத்தார் என்றனர் சிலர். நட்புக்கு முன் ஆணை நில்லாது என்றனர் வேறு சிலர். கோர்பச்சேவை வீழ்த்தச் சோவியத்து உளவுத்துறையினர் சிலர் செய்த சூழ்ச்சியைப் பிலிப் தம் நாட்டாருக்கு அறிவித்தாக வேண்டும். ஆதலின் விடுத்தமை உலக அமைதிக்கு உதவிற்று என்பது மூன்றாம் கட்சி.

இம்மூன்றாம் கட்சியை நாம் ஏற்கத் தயங்குகின்றோம். திருக்குறளின் 59-ஆம் அதிகாரமாகிய ‘ஒற்றாடல்’, ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒப்பிட்டு அறியாது கொள்ளலாகாது என விதிக்கின்றது. பீமனோ ஆண்டுக்கணக்கில் தம்மிடம் பொய்த்த ஒருவன் வாய்மொழியை அந்நிலையிலேயே ஏற்றுக்கொள்கின்றார். எலிசபெத் செய்த இரட்டைக் கொலையைப் பற்றி அவர் வினவியபோதும் மறுப்பே விடையாகக் கிடைத்தது. காண்போர் அது பொய்யென அறிவர், அவர் அறியார். ஆகவே அவர் விடுத்தது நண்பனை. அமைதியைக் காத்ததாகக் கூறுவது நாம் பின்னர்ச் சேர்க்கும் உரை.

இன்னொரு பிழையும் இவ்வழக்கில் மலிந்துள்ளது. 1991 திசம்பரில் சோவியத்து ஒன்றியம் மறைந்தது என்பதை அறிந்த நாம், மறையப்போகும் அரசுக்காகக் கொன்றாளே என எலிசபெத்தை இகழ்கின்றோம். அவ்வரசு நிலைத்திருப்பின் அம்முதியவள் கொலை அறமாகிவிடுமோ? பயன் கொண்டு செயலை அளப்பது வரலாற்றாசிரியர்க்கு ஒருகால் பொருந்தும், அறநூலார்க்குப் பொருந்தாது.

இறுதிப் பருவத்தில் சோவியத்துப் பேச்சாளர் நெசுதெரெங்கோவைக் கொல்லப் பணிக்கப்பட்ட அவள் மறுத்ததோடமையாது, அப்பணியை முடிக்க வந்த தன் நாட்டவளையே சுட்டு வீழ்த்துகின்றாள். இதனை மனமாற்றம் எனப் போற்றுவார் பலர். நாம் அங்ஙனம் கொள்ளவில்லை. தன்னை ஏவியவர் நாட்டின் தலைமைக்கு மறைத்துத் தன்னைப் பயன்படுத்தினர் என அறிந்த பின்னரே அவள் திரும்புகின்றாள். அதிற் கண்டது இரக்கமன்று, முறைமாறாப் பற்றே.

மகள் பெய்சு எல்லையை எய்துமுன் தொடர்வண்டியினின்று இறங்கிவிடுகின்றாள். மகன் என்றியிடம் உண்மை கூறும் பொறுப்போ பீமன் தலையில் விழுகின்றது. அவர் அவன் பயிலும் பள்ளிக்குச் செல்கின்றார்.