மூன்று இலட்சம்: எண்ணியவர் யார்?

1737ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சூறையாடிய பெரும்புயலைப் பற்றி வகுப்பிலே பாடம் நடத்தினோம். "மாண்டோர் 3,00,000, மூழ்கிய கலங்கள் 20,000" என்று கரும்பலகையில் எழுதினோம். ஏட்டில் கண்டதை எழுதினோம். எழுதியதை நம்பவும் செய்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அப்போது அந்த ஊரில் எத்தனை பேர் குடியிருந்தார்கள்?" என்றான். சின்னஞ்சிறு கேள்விதான், ஆயினும் அன்றிரவு முழுதும் நம் சிந்தையைக் குடைந்துகொண்டே இருந்தது.

அன்றைய கல்கத்தா இன்றைய மாநகர் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டை கட்டிக் கொடியேற்றிச் சரக்கேற்றிய ஆற்றங்கரைப் பட்டினம். அங்கே வாழ்ந்தோர் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை இருக்கலாம் என்பர் ஆய்வாளர். இருபதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் மூன்று இலட்சம் பேர் மாண்டது எங்ஙனம்? வங்கமெங்கும் மாண்டோரைச் சேர்த்துச் சொன்ன தொகை என்று வாதிடுவோர் உண்டு. இருக்கட்டும். அப்படிச் சேர்த்து எண்ணியவர் யார்? ஊர் ஊராய்ச் சென்று பிணங்களை எண்ணும் ஏற்பாடு எதுவும் அந்நாளில் இல்லையே!

இந்த எண்ணை உலகறியச் செய்தது இலண்டன் மாநகரின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' என்னும் ஏடு. கப்பல்வழிச் சென்ற செய்தி. கடல் கடக்கும்போதே வளர்ந்த செய்தி. புயலோடு நிலநடுக்கமும் நேர்ந்தது என்றது அது. விளைவு என்ன? புயல் பட்டியலிலும் மூன்று இலட்சம், நிலநடுக்கப் பட்டியலிலும் மூன்று இலட்சம்! ஒரே பிணத்தை இரண்டு இடுகாட்டில் புதைத்த விந்தை இது.

ரோஜர் பில்லம் என்னும் நிலநடுக்க ஆய்வாளர் கம்பெனியின் பழைய கடிதங்களைத் தேடிப் படித்து, 1994இல் தம் முடிவை வெளியிட்டார். கல்கத்தாவில் தீர்வை வசூலித்த தாமஸ் ஜோஷுவா மூர் என்பவர், புயலும் வெள்ளமும் ஓலைக் குடிசைகளை அநேகமாக முற்றும் அழித்ததையும், நகரில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டதையும் எழுதிவைத்திருந்தார். நிலநடுக்கம் நேர்ந்ததென நம்பச் சான்று போதவில்லை. நாளிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியைப் பின்பற்றினர். அதன்படி செப்டம்பர் 30. இன்றைய கணக்கிலோ அக்டோபர் 11. இதை அறியாதவர் கையில் ஒரு புயல் இரு புயலாகிவிடும்.

கோதாவரியின் முகத்துவாரத்துக் கோரிங்கா துறைமுகத்தை 1839இல் அழித்த புயலுக்கும், பல பட்டியல்கள் அதே 3,00,000 உயிர்களையும் அதே 20,000 கலங்களையும் காட்டுகின்றன. நூறாண்டு இடைவெளியில் இரு புயல்கள் ஒரே தொகையைப் பலிகொண்டனவா? எழுதியவர் கை பழைய வரியைப் பெயர்த்தெழுதியதோ என்றே நாம் ஐயுறுகிறோம்.

மிகைக் கணக்கால் என்ன கேடு, இரக்கம் பெருகட்டுமே என்பர் சிலர். கரையோரச் சுவரை எவ்வளவு உயரம் எழுப்புவது, புகலிடத்தை எத்தனை பேருக்குக் கட்டுவது என்பதெல்லாம் பழம்புயல்களின் கணக்கைக் கொண்டன்றோ முடிவாகின்றன! கணக்கு பொய்த்தால் சுவரும் பொய்க்கும்.

நல்ல கணக்கு கிடைப்பது நாட்குறிப்புகளில். விதி என்று பெருமூச்செறிந்தவன் எதையும் எழுதி வைக்கவில்லை. பாய்மரம் முறியும் வேளையிலும் காற்றின் திசையையும் பாரமானியின் இறக்கத்தையும் குறித்த மாலுமி எழுதி வைத்தான். அத்தகைய குறிப்புகளைக் கல்கத்தாவிலிருந்து திரட்டியவர் ஹென்றி பிடிங்டன். 'சைக்ளோன்' என்ற சொல்லை ஆக்கித் தம் 1848ஆம் ஆண்டு நூலில் வழங்கியவரும் அவரே. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. ஆயினும் விண்ணில் வானிலைச் செயற்கைக்கோள் சுற்றத் தொடங்கிய 1960க்கு முன்னர், கப்பல் எதுவும் செல்லாத கடலில் பிறந்து அங்கேயே மடிந்த புயல்கள் ஏட்டில் ஏறவே இல்லை. பழங்காலத்தில் புயல் குறைவு என்று சொல்வோர் இதை மறக்கலாகாது. குறைவாக இருந்தவை பார்த்த கண்கள்!

கண்கள் பெருகிய காலத்திலும் எண்ணிக்கை தடுமாறியதற்கு நம் கரையே சான்று. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற 653ஆம் எண் இரயிலை அலை விழுங்கியது. மாண்டோர் 115 என்பார் ஒருவர். சீட்டின்றி ஏறியோரையும் சேர்த்தால் மிகும் என்பார் மற்றொருவர். 1737இல் குடிசைவாசி கணக்கில் மங்கினான். 1964இல் சீட்டில்லாதவன் மங்கினான்.

மறுநாள் கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாய் எழுதினோம். "3,000: மூர் எழுதியது, நகரம் மட்டும். 3,00,000: இலண்டன் ஏடு, எண்ணியவர் பெயர் இல்லை." பிள்ளைகள் இரண்டு வரிகளையும் பார்த்து எழுதிக்கொண்டனர்.