மண்ணெண்ணெயில் ஓடின கார், போனில் விற்கிற கார்

"முதல் ஓனர். சி.ஆர். புத்தகம் கையில். லீசிங் இல்லை. ரயர் நாலும் புதுசு. விலை பேசலாம்."

இக்மனிலோ ரியசெவனவிலோ யாழ்ப்பாணம் என்று இடத்தைத் தெரிவு செய்து கார் தேடிப் பாருங்கள். இதே வசனங்கள் ஆள் மாறி ஆள் மாறி வந்துகொண்டே இருக்கும். வாங்குகிற காசு என்னிடம் இல்லை, ஆனால் எனக்கு இந்த விளம்பரங்களை வாசிக்கப் பிடிக்கும். வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி வந்தது. உலகத்தில் அநேகமான இடங்களில் கார் பழசானால் விலை விழும். எங்கட ஊரில் மட்டும் ஏன் பழைய கார் இவ்வளவு மரியாதையோடு விற்கப்படுகிறது? விடை தேடப் போனால் இணையத்தோடு நிற்க முடியவில்லை, 1950கள் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

புத்தூர்ச் சந்தியை எடுங்கள். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதி இதால் போகிறது. ஒரு பக்கம் நிலாவரை தாண்டிச் சுன்னாகம், மறு பக்கம் வண்ணாத்திப் பாலம் கடந்து மீசாலை. செம்மண் தோட்டக்காரரின் வெங்காயமும் புகையிலையும் லொறி ஏறும் ஊர். இப்படியான சந்திகளில்தான் ஒரு காலத்தில் வாடகைக் கார்கள் நின்றன. கலியாணம், செத்தவீடு, நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுப்பத்திரி, எல்லாத்துக்கும் ஒரே கார்தான்.

அந்தக் கார் அநேகமாக ஒஸ்ரின் ஏ 40, இல்லாட்டி மொறிஸ் மைனர். ஏ 40 இல் டெவன் 1947இல் வந்தது, சொமர்செற் 1952இல், கேம்பிரிட்ஜ் 1954இல். மொறிஸ் மைனர் 1948இல். எல்லாம் இங்கிலாந்துத் தயாரிப்பு. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பினவர்கள், புகையிலை வியாபாரிகள், அரசாங்க உத்தியோகத்தர்கள் வாங்கினார்கள். சனம் அதை "ஏ போட்டி" என்று கூப்பிட்டது. எழுபது வருசம் கழித்தும் அந்தப் பெயர் எங்கட வாயில் இருக்கிறது.

கார் விற்கிறவர் முதலில் சொல்லுவது இலக்கத்தைத்தான். ஏனென்றால் எங்கட நாட்டில் இலக்கத் தகட்டைப் பார்த்தே காரின் வயதைச் சொல்லலாம். தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகள். 1957 ஜனவரி 1 இலிருந்து பதிவான வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ. அந்த ஒரு எழுத்து சும்மா வந்து போகவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து அடுத்த வருசமே காரின் நெற்றியில் அது ஏறியது. தமிழரசுக் கட்சி தமிழ் ஸ்ரீ எழுதிப் போராடியது. 1958இல் சிங்கள ஸ்ரீ போட்ட அரசாங்க பஸ்கள் வடக்குக்கு வந்தபோது எதிர்ப்பு பெருத்தது, தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள், அந்த ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தமே கிழிக்கப்பட்டது. அடுத்த மாதம் கலவரம். 1980களின் கடைசியோடு ஸ்ரீ போய் வெறும் எண்கள் வந்தன. 2000இல் திரும்ப ஆங்கில எழுத்து. இன்றைக்கு விளம்பரத்தில் "ஸ்ரீ நம்பர்" என்று ஒருவர் போட்டால், அது வாகனத்தின் வயதைச் சொல்லுகிற ஒரு தகவல் மட்டும். வாங்குகிறவர் வயதைக் கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றது. 1970 முதல் 1977 வரை கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்பட்டது. விளைவை யோசித்துப் பாருங்கள். ஊரில் இருக்கிற கார்கள்தான் கார்கள், புதுசு வராது. அப்போ வாங்குவது விற்பது எல்லாம் அதே கார்கள் கை மாறுவதுதான். ஒரு ஏ போட்டி கோப்பாயில் யாரிடம் இருந்தது, நீர்வேலியில் எந்த மதகில் முட்டியது, அச்சுவேலியில் யார் எஞ்சின் இறக்கினார், எல்லாம் கராச்சில் இருக்கிறவருக்கும் தரகருக்கும் தெரியும். விளம்பரமே தேவைப்படவில்லை. காருக்கு ஒரு சாதகம் இருந்தது, அது இரண்டு மூன்று பேரின் தலைக்குள் இருந்தது.

1970இல் ஜோர்ஜ் அகெர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று சஞ்சிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. பிறகு 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: விற்கிறவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்கிறவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைப்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்குத் தர மாட்டான். கடைசியில் சந்தையில் சொத்தைக் கார்களே மிஞ்சும். யாழ்ப்பாணத்துக்கு இதை வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. கதவு சாத்தியிருந்த காலத்தில் குறை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மறைக்க இடமில்லை. வறுமைதான் நேர்மையைக் காப்பாற்றியது என்று சொல்ல வரவில்லை. தரகர்மாரும் நன்றாகக் கதை விடுவார்கள். ஆனால் பொய் சொன்னால் பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

1977க்குப் பிறகு யப்பானிய வாகனங்கள் வரத் தொடங்கின. ரொயோட்டா கொறொலா, நிசான் சன்னி, ஹயஸ் வான். ஏ போட்டியின் காலம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பிறகு 1990 வந்தது.

1990 ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியதோடு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில். மின்சாரமும் போனது. எங்கட பெற்றோர் ஜாம்போத்தல் விளக்கில் படித்த கதை உங்களுக்கும் வீட்டில் கேட்டுச் சலித்திருக்கும். ஆனால் காருக்கு நடந்தது இன்னும் விசித்திரம். சந்தையில் காரின் தரவரிசை தலைகீழாகப் புரண்டது.

காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு, 7க்கு 1 அளவில். அப்படிப்பட்ட எஞ்சின் தரம் குறைந்த எரிபொருளையும் சகிக்கும். காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, ஒரு முழு ஊருக்கும் மணக்கும். எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கும், கரி பிடிக்கும், அடிக்கடி கழட்டித் துப்புரவாக்க வேண்டும். ஆனாலும் ஓடும். பற்றரி சோர்ந்துபோனால் முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றி எழுப்பலாம், பழைய ஒஸ்ரினுக்கு அந்த வசதி இருந்தது. கொம்பனி 1950களில் விளம்பரம் செய்யாத இரண்டு குணங்கள், நாற்பது வருசம் கழித்து யாழ்ப்பாணத்தில் அந்தக் காரின் விலையைத் தீர்மானித்தன. "மண்ணெண்ணெயில நல்லா இழுக்கும்" என்பதுதான் அப்போதைய விற்பனைச் சொல் என்று பெரியாக்கள் சொல்லுவினம். வேறு எந்த ஊரில் ஒரு கார் இப்படி விற்கப்பட்டிருக்கும்?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கார் வைத்திருந்தவர் எல்லோரும் காரில் போகவில்லை. எண்ணெய் இல்லாத கார் வீட்டோடு நின்றது. திரும்பி வந்தபோது சிலருடையது இருந்தது, சிலருடையதில் கூடு மட்டும் இருந்தது. இதைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். பேட்டி எடுக்க ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2002இல் தடை எடுபட்டு ஏ 9 வீதியும் திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. யுத்தம் முடிந்தபின் திரும்பத் திறந்தது. ஒவ்வொரு திறப்பிலும் தெற்கிலிருந்து வாகனங்கள் வந்தன, அதோடு லீசிங் கொம்பனிகளும் வந்தன. புத்தூரில் நிற்கிற வான் எங்கே பிறந்தது, யார் ஓடினார்கள் என்று இப்போ கராச்காரருக்குத் தெரியாது. காரின் சாதகம் தலைக்குள்ளிருந்து தாளுக்கு மாறியது. யப்பானில் ஏலத்தில் விற்கும்போது கொடுக்கிற ஏலத் தாள்தான் அந்தத் தாள். காரின் படத்தை வரைந்து அதில் குறியிட்டிருப்பார்கள். ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்தின தடம். பக்கத்திலே ஒன்று இரண்டு மூன்று என்று அளவு. மெக்கானிக் கண்ணால் பார்த்ததை ஒரு அந்நியன் எழுத்தால் எழுதியிருக்கிறான். நல்ல விஷயம்தான், ஆனால் தாள் யப்பானிய மொழியில். போலித் தாள்களும் உலாவும். மீற்றரைக் குறைத்துவிட்டுத் தாளைத் தொலைத்துவிடுகிற கெட்டிக்காரரும் உண்டு.

2012இல் சுவீடனைச் சேர்ந்த சோல்ற்சைட் நிறுவனம் இக்மனைத் தொடங்கியது. சிங்களத்தில் இக்மன் என்றால் விரைவு. தமிழிலும் பக்கம் உண்டு. ரியசெவன என்றால் வாகனங்களுக்கான நிழல். இரண்டுமே சிங்களப் பெயர்கள் என்பதைச் சொல்லி வைக்கிறேன், குறையாக இல்லை. தமிழில் இப்படி ஒன்றை நாங்கள் ஏன் நிலைநிறுத்தவில்லை என்பது வேறு கட்டுரை.

இந்தத் தளங்கள் செய்த பெரிய வேலை விலையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. முந்தி விலை தரகரின் வாயில் இருந்தது. இப்போ புத்தூரில் இருக்கிற ஒரு பெடியன் அதே வருசத்து வகன் ஆர் குருநாகலில் என்ன விலை, மாத்தறையில் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் கதைக்கப் போகிறான். என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்துக் கார் வியாபாரத்தில் சாதாரண சனத்துக்குக் கிடைத்த முதல் அதிகாரம் இதுதான்.

கார் சேல்காரருக்கு இது பிடிக்குமா? அவர்களும் சும்மா இருக்கவில்லை. பின்னேர வெயிலில் கழுவித் துடைத்துப் படம் எடுக்கிறார்கள். ரிக்ரொக்கில் கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்கவைக்கிறார்கள். காசு கட்டி விளம்பரத்தை மேலே ஏற்றுகிறார்கள். முகநூலில் விலையைப் போடாமல் "விலைக்கு இன்பொக்ஸ்" என்கிறார்கள். இந்தக் கடைசித் தந்திரத்தைக் கவனியுங்கள். விலையை ஒளித்த உடனே நீங்கள் போன் எடுக்க வேண்டும், எடுத்தால் உங்கட அவசரம் குரலில் தெரியும், தரகர் திரும்ப உயிர்த்துவிடுவார். இன்னொரு பக்கம், இல்லாத காருக்கு வேறொருவரின் படத்தைப் போட்டு முற்பணம் கேட்கிற கூட்டம். காரைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாவும் போட வேண்டாம். "ஓபன் பேப்பர்" என்று சொன்னால் இன்னும் இரண்டு தரம் யோசியுங்கள். பெயர் மாற்றாமல் கை மாறி வந்த காரின் பழைய தண்டமும் கடனும் உங்கட வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 1960களின் கதை திரும்ப வந்தது, இம்முறை இணையத்தோடு. வாங்கின விலையைவிடக் கூட்டி விற்றார்கள், அதையும் எல்லோரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் விலையை ஏற்றினால் நாடு முழுக்க அதே இரவில் ஏறும். வெளிச்சம் விலையைக் குறைக்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா, பொருள் தட்டுப்பாடான நேரத்தில் அதே வெளிச்சம் ஏற்றவும் உதவியது. 2022இல் எரிபொருள் வரிசை. கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. விளம்பரங்களில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது முதல் வரிக்கு வந்தது. கொழும்பு அப்போதுதான் முதல்தரம் பட்டது. எங்கட அப்பா அம்மாவுக்கு அது பழகின விஷயம், மண்ணெண்ணெய் கிடைக்குமா என்று கேட்ட மாமாமாரையும் எனக்குத் தெரியும். இப்போதைய எஞ்சினுக்கு அது சரிவராது, கொம்பியூட்டர் பார்த்து எரிபொருள் ஊற்றுகிற எஞ்சின் அது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது, தலையில் பெரிய வரியோடு.

ஏ போட்டிக்கு என்ன நடந்தது? பலது துண்டாகி இரும்புக்குப் போனது. யுத்தம் முடிந்தபின் பழைய கார் தேடித் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். மிஞ்சினதில் சில கலியாண மாப்பிள்ளையை ஏற்றுகின்றன. சிலது இப்பவும் இணையத்தில் விற்பனைக்கு வரும், "வின்ரேஜ்" என்ற பெயரில். பழைய தகடு, மூல எஞ்சின், புதுப் பெயின்ற், உள்ளே புதுத் தோல் இருக்கை, இவ்வளவும் எழுதியிருக்கும். எந்த ஊரில் நின்றது, 1990களில் எதைக் குடித்து ஓடியது என்று நான் பார்த்த ஒரு விளம்பரத்திலும் எழுதவில்லை. எழுதினால் விலை குறையும் என்று பயப்படுகிறார்கள் போல.