காசோலையில் யார் பெயர்?

பருத்திச் செடியை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே நடப்பதற்குக் கோவேறு கழுதைகளைப் பழக்கி வைத்திருப்பார்கள். 1933 கோடையில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அதே கழுதைகளை ஏரோடு பூட்டிக் காய்பிடித்து நின்ற பருத்தியின் மேலேயே ஓட்டினார்கள். அவை கால் வைக்க மறுத்தன என்று சொல்வார்கள். மனிதர்கள் அவ்வளவு தயங்கவில்லை. அழித்தால் அரசாங்கம் பணம் தருகிறதே!

பெருமந்தத்தில் பருத்தி விலை பவுண்டுக்கு 6 சென்ட் அளவுக்கு விழுந்திருந்தது. 1933 மே மாதம் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட வேளாண்மைச் சட்டத்தின் கணக்கு எளிது: விளைச்சல் குறைந்தால் விலை ஏறும், குறைப்பவருக்கு அரசு ஈடு கட்டும். அந்த ஒரே பருவத்தில் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. விலையும் ஏறியது.

நான் மென்பொருள்காரன். எந்தத் திட்டத்தைப் படித்தாலும் 'பயனாளி' என்கிற கட்டத்தில் யாரைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். இங்கே போட்டிருந்தது நிலத்துக்காரரை. (நம்ம பி.எம். கிசானும் அப்படித்தான். வருஷம் 6000 ரூபாய் நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கு. குத்தகைக்கு உழுகிற என் மாமாவுக்கு இல்லை.) ஆனால் விதைத்து, களையெடுத்து, பஞ்சு பொறுக்கியதெல்லாம் வாரத்துக்கு உழுத குடிகள். கறுப்பர்கள், ஏழை வெள்ளையர்கள். விதை, கழுதை, மளிகை எல்லாமே பண்ணையார் கணக்கில் கடன். மகசூலில் பாதி அவருக்கு.

1934-35 ஒப்பந்தப்படி, விளைவிக்காமல் விட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் நாலரை சென்ட். பண்ணையாருக்கு 4, குடிக்கு அரை. அந்த அரை சென்ட்டும் அவர் கைவழியாகத்தான் வரும். பழைய கடனில் கழித்துக்கொண்டால் அதுவும் இல்லை.

குடியையே கிளப்பிவிட்டால்? "இயன்றவரை" குடிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு. தொல்லை கொடுப்பவர்களுக்கு விலக்கு. யார் தொல்லை என்று விசாரித்தவை உள்ளூர்க் கமிட்டிகள். அங்கே உட்கார்ந்திருந்ததும் பெரும்பாலும் பண்ணையார்கள்தான்.

அர்கன்சாவில் டைரோன்சா என்கிற சிற்றூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் அப்படிக் குடும்பங்களைக் கிளப்பியபோது, 1934 ஜூலையில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடிச் சங்கம் வைத்தார்கள். அந்த ஊரில், அந்தக் காலத்தில், இரு நிறத்தவரும் ஒரே சங்கத்தில். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான். பதிலுக்கு அடியும் துப்பாக்கிச் சூடும் வந்தன.

வாஷிங்டனில் திட்டத்தின் சட்டப் பிரிவிலிருந்த இளம் வழக்கறிஞர்கள், 'குடிகளை வைத்துக்கொள்' என்றால் அதே ஆட்களை வைத்துக்கொள் என்றுதான் பொருள் என எழுதினார்கள். 1935 பிப்ரவரியில் அவர்களுடைய தலைவர் ஜெரோம் ஃப்ராங்கும் வேறு சிலரும் பதவியிழந்தார்கள்.

பிறகு விதி திருந்தியது. குடிகளின் பங்கு கூடியது, காசோலையும் நேராக அவர்களுக்கே. பண்ணையார்களுக்கு வழியா தெரியாது? குடி இருந்தால்தானே பங்கு! வாரத்தை ரத்து செய்து, அதே ஆட்களைத் தினக்கூலிக்கு அழைத்தார்கள். மானியத்தில் டிராக்டர் வாங்கியவர்களும் உண்டு.

1939 ஜனவரியில் மிசௌரியின் தென்கிழக்கே, அப்படி வீடிழந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 60, 61 ஆம் எண் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் குடியேறினார்கள். மெத்தை, அடுப்பு, பிள்ளைகள், குளிர். சுகாதாரக் கேடு என்று சொல்லிச் சில நாளில் போலீஸ் அவர்களை லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தியது.