காசும் கேஷும்: ஒரு சொல் வரலாற்று நோக்கு

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல், தமிழ்க் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்னும் கருத்து நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் ஐயத்திற்கிடமின்றிக் கூறப்பட்டு வருகிறது. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்கையில் அவ்வாறு கருதத் தோன்றுவது இயல்பே. ஆயினும், ஒப்புமை மட்டும் சான்றாகாது. ஒரு சொல் எக்காலத்தில், எவ்வழியாக, எப்பொருளில் பெயர்ந்தது என்பதும் காட்டப்படல் வேண்டும்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என ஒரே வடிவில் வழங்குவன இரு வேறு சொற்களாகும். முதலாவது, பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் 'காப்சா'வின் வழிவந்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து பெறப்பட்டது. ஜான் புளோரியோ 1598இல் வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதி, 'காஸ்ஸா' என்பதற்கு வணிகரின் 'கேஷ்' எனவும் பொருள் தருகிறது. அங்கு அது பணப்பெட்டி. பெட்டியின் பெயர் அதிலுள்ள பணத்திற்கு ஆகி வந்ததை நம் இலக்கணத்தார் இடவாகுபெயர் என்பர். கிழக்கிந்தியக் கும்பினி சாசனம் பெற்றது 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில். ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றியது 1639இல். கால வரிசையே பொதுக் கருத்துக்கு இடந்தரவில்லை.

இரண்டாவது 'கேஷ்' தான் நம்முடையது. குறுந்தொகை காட்டும் பொன்னணியின் காசும், சோழர் கல்வெட்டுகள் பேசும் ஈழக்காசும் பழங்காசும் இச்சொல்லின் தொன்மைக்குச் சான்று. (இதன் வேர் வடமொழிக் 'கர்ஷ'த்தோடு தொடர்புடையதா என்பது தனி விவாதம்.) கீழைக் கடல்களில் வாணிகம் செய்த போர்த்துக்கீசியர் இதனைத் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' என்னும் சொல்லோடு ஒன்றாக்கி ஒலித்தனர். இருவேறு சொற்கள் ஓருருவாகத் தொடங்கியது இங்கேதான். அவர்கள் வாயிலாக ஆங்கிலத்தில் நுழைந்த சொல், சீனத் துளைக்காசுக்கும் பெயராயிற்று. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்–ஜாப்சன்' அகராதி இந்நாணயப் பெயரைத் தனியே விளக்கியுள்ளது.

சென்னைக் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். 1818இல் வெள்ளி ரூபாய் தர நாணயமாகும்வரை இம்முறை நீடித்தது. கும்பினியின் செப்பு நாணயங்களில் 'கேஷ்' என ஆங்கில எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அதனைக் கையிலெடுத்த எவருக்கும் இரு சொற்களும் ஒன்றெனவே தோன்றியிருக்கும்.

பொருளமைதியிலும் வேறுபாடு உண்டு. பத்துக் காசு என எண்ணலாம். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' ஆங்கிலத்தில் எண்ணப்படுவதில்லை. 'காசாளர்' என்னும் அருமையான கலைச்சொல்லாக்கம் இவ்வேறுபாட்டை மறைத்து, பழைய மயக்கத்திற்கு வலுவூட்டிவிட்டது. சிங்கப்பூர்த் தமிழரோ வெள்ளிக்குக் கீழ்ப்பட்ட சிற்றலகை இன்றும் காசு என்றே வழங்குகின்றனர். ஆங்கில அகராதியின் இரண்டாம் 'கேஷ்' குறிப்பதும் அத்தகைய சிறு நாணயத்தையே.