நாழிகையும் நயமும்: எழுத்துப் பரீட்சை வந்த வரலாறு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியிலே திகன என்னும் ஊர் அமைந்துள்ளது. மகாவலி கங்கையை மறித்து எழுப்பப்பட்ட விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. அந்நீர்த்தேக்கத்திற்காகப் பழைய தெல்தெனிய நகர் நீருள் மறைந்தது. இடம்பெயர்ந்தோர் குடியேற்றத்தால் திகன புதிய நகராக வளர்ந்தது. சிங்களவரும் முஸ்லிம்களும் தோட்டத் தமிழரும் அயலவராய் வாழும் இவ்வூர்ப்புறத்திலே, க.பொ.த. உயர்தரப் பரீட்சைக் காலத்தில், தமிழ் வினாத்தாளை எழுதிவிட்டு வெளிவரும் மாணவரின் உரையாடலைச் செவிமடுப்போர் ஆண்டுதோறும் ஒரே முறையீட்டைக் கேட்பர். முதல் வினாவிற்கு நான்கு பக்கம் எழுதியவள் இறுதி வினாவிற்கு அரைப்பக்கமே எழுத நேரம் பெற்றாள். செய்யுள் முழுவதையும் நெட்டுருப் பண்ணியவனுக்கு, வினா அச்செய்யுளின் வேறொரு பக்கத்தைத் தொட்டுவிட்டது. மற்றொருவனுக்கோ தக்க விடை பரீட்சை மண்டபத்தில் உதியாது, பேருந்துத் தரிப்பிடத்திலே நின்றபோது உதித்தது!

இம்முறையீட்டைச் சோம்பேறிகளின் சாக்கு எனத் தள்ளிவிடுதல் எளிது, நீதி ஆகாது. கவிதைக்கும் அதனைக் கற்பவனுக்கும் இடையே கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தவர் யாவர்? அஃது எக்காலத்தில், எதன்பொருட்டு வைக்கப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை வரலாற்றிலே உண்டு.

பண்டைத் தமிழ்க் கல்வியிற் சோதனையே இருந்ததில்லை என்று எண்ணுதல் தவறு. தொல்காப்பியம் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகின்றது. நூலாசிரியன் ஓத, அறிந்தோர் தடை எழுப்ப, அவன் விடை கூறி நிறுவிய பின்னரே நூல் நூலாயிற்று. கற்கும் மாணவனைப் பற்றிப் பவணந்தியார் நன்னூலிலே வகுத்த கணக்கு இன்னும் சுவையானது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டவன் பெறுவது கல்வியிற் காற்பங்கே. உடன் கற்பவரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கும் பிறர்க்குத் தானே எடுத்துரைக்குங்கால் வந்து சேரும் என்பது அவர் கருத்து. இக்கணக்கின்படி நோக்கினால், பேருந்துத் தரிப்பிடத்திலே நண்பரோடு வாதிட்டபோது விடை கண்டுகொண்ட அம்மாணவன் நன்னூல் விதிக்கு இலக்கியமாய் நின்றவன் ஆவான்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் 1871ஆம் ஆண்டிலே பாடங்கேட்க வந்த உ. வே. சாமிநாதையரும் ஒரு பரீட்சைக்கு உட்பட்டார். நைடதத்தில் ஒரு பாடலைச் சொல்லிப் பொருள் கூறும்படி பிள்ளையவர்கள் கேட்டார்கள். வினாவியவர் ஒருவர், விடையளித்தவர் ஒருவர். தடுமாறினால் ஊக்கி, மேலும் கேட்டு, முகக்குறிப்பால் அறிவை அளந்தறியும் சோதனை அது. ஆனால் அங்கே ஆசிரியரின் வாயிலை அடைவதற்கே ஒருவர் துணை வேண்டியிருந்தது. குலம், ஊர், பரிந்துரை ஆகியவை மாணவனுக்கு முன்னரே உள்ளே சென்று நின்றன. பழைமையைப் போற்றுவோர் இதனை மறந்துவிடலாகாது.

காலக்கெடுவும் தமிழுக்கு முற்றிலும் அயலானதன்று. ஆசுகவி என்பதே கொடுத்த பொருளை, கேட்ட சொல்லை, அப்பொழுதே பாட்டாக்கும் திறம். காளமேகப் புலவர் யமகண்டம் பாடிய கதையிலே, கீழே நெருப்பு, சுற்றிலும் கத்தி, நடுவிலே தொங்கும் புலவர் என்னும் காட்சி வருகின்றது. எந்தப் பரீட்சை மண்டபமும் அத்துணைக் கொடிதன்று என்று மாணவர் ஆறுதல் கொள்ளலாம். பிற்காலத்திலே செய்குத்தம்பிப் பாவலர் 1907இற் சென்னையிலே சதாவதானம் நிகழ்த்தினார். கண்டிச் சீமையிற் பிறந்து கண்டிக் கலம்பகம் பாடிய அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரும் இம்மரபின் வழிவந்தவரே. எனினும் இவர்கள் தாமாக விரும்பி அவையேறியவர். பலரும் காணத் தம் பெயரை முன்வைத்து நின்றவர். இன்றைய பரீட்சையோ பெயரை மறைத்து வைக்கின்றது. வேறுபாட்டின் உயிர்நிலை அங்கேதான் உளது.

பெயர் மறைத்தலை முதலிற் பெருமுறையாக ஆக்கியவர் சீனர். அரச பதவிகளுக்கு எழுத்துப் பரீட்சை வைத்த அந்நாட்டிலே, சொங் வமிசத்தார் காலத்தில், விடைத்தாளிற் பெயர் எழுதிய இடத்தை மூடி ஒட்டினர். அதுவும் போதாதென்று கையெழுத்தைக் கண்டுகொள்ளா வண்ணம், எழுத்தர்களைக் கொண்டு விடைகள் முழுவதையும் படியெடுத்துப் படிகளையே பரீட்சகரிடம் கொடுத்தனர். பிற்காலத்தவர் சிறு அறைகளிலே நாட்கணக்காக அடைபட்டு எழுதினர். விடையின் அமைப்பும் எட்டு உறுப்புடைய ஒரே அச்சில் இறுகிப் போயிற்று. இப்பரீட்சை முறை 1905ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. நடுநிலைக்காகப் பிறந்த முறை சிந்தனையைச் சிறையிட்டது என்னும் பழி அதன்மேல் விழுந்தமை அறிஞர் அறிவர்.

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக் கழகத்தில் இலத்தீன் மொழியில் வாயால் நிகழ்ந்த வாதப் பரீட்சை, பதினெட்டாம் நூற்றாண்டிலே படிப்படியாக எழுத்துப் பரீட்சைக்கு இடங்கொடுத்தது. இந்திய ஆட்சிப் பணிக்கு 1855ஆம் ஆண்டு முதல் இலண்டனிலே போட்டிப் பரீட்சை நடைபெற்றது. செல்வாக்குடையோர் பிள்ளைகளுக்குப் பதவி வழங்கும் வழக்கத்திற்கு அது மாற்றாக வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பது ஈழத்துத் தமிழர் பெருமையோடு நினைவு கூரும் செய்தி. ஒருவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றவர். அச்செமினரியோ 1855ஆம் ஆண்டிலே மூடப்பட்டுவிட்டது.

இலங்கையின் பாடசாலைகளுக்குக் கேம்பிரிட்ஜ்ப் பரீட்சை 1880ஆம் ஆண்டில் வந்தது. வினாக்கள் கப்பலில் வந்தன. விடைகள் கப்பலிற் சென்றன. பெறுபேறு வரும்வரை மாதக்கணக்காகக் காத்திருத்தல் வேண்டும். கண்டி நகரத்து ஆங்கிலப் பாடசாலைகளிலே கற்ற சிறுவர், தாம் கண்டிராத பனிக்காலத்தையும் கேட்டிராத பறவைகளின் பாடலையும் பற்றி நயம் எழுதப் பழகினர். தமிழ் அங்கே சபையின் கடைசி வரிசையில் இருந்தது.

இதற்கு எதிர்விடை தமிழறிஞரிடமிருந்தே வந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதப் பரீட்சையை நடத்தியது. யாழ்ப்பாணத்திலே ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் 1921இல் தோன்றிப் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் படிகள் வகுத்தது. அயலார் கருவியை எடுத்துத் தம் பொருளுக்குப் பயன்படுத்திய செயல் இது. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பின்னாளிலே சுவாமி விபுலாநந்தர், 1916இல் மதுரைப் பண்டிதப் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் 1943இல் அமர்ந்தபோது, இரு பரீட்சை மரபுகளும் ஓர் ஆளிடத்தே சந்தித்தன எனலாம்.

பரீட்சை மண்டபத்திலே எழுதப்படும் ‘கட்டுரை’யும் வயதில் இளையது. சொல் பழையது; சிலப்பதிகாரத்தின் காண்டந்தோறும் இறுதியிலே கட்டுரை என்னும் பகுதி உண்டு. ஆயின் ஒரு வினாவை எடுத்து, வாதம் தொடுத்து, சான்று காட்டி, பத்தி பத்தியாக முடிவு நோக்கிச் செல்லும் உரைநடை வடிவம் அச்சும் ஆங்கிலக் கல்வியும் வந்த பின் வளர்ந்ததாகும். பழந்தமிழ்ப் புலமை தன்னை வெளிப்படுத்திய வடிவம் உரை. உரையாசிரியர் ஒரு சொல்லிலே நின்றுவிடுவார்; அடுத்த சொல்லுக்குப் போக அவரை எவரும் விரட்டவில்லை. ‘நயம் கூறுக’ என்று கேட்கும் வினாத்தாள், உரையாசிரியர் செய்த வேலையை, கட்டுரையாளர் வடிவத்திலே, நாற்பது நிமிடத்துக்குள் கேட்கின்றது. மாணவர் திணறுவதில் வியப்பென்ன?

திருத்துவோர் நிலையும் எளிதன்று. அமெரிக்காவிலே ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் 1912ஆம் ஆண்டிலே ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல ஆசிரியர்க்கு அனுப்பிப் புள்ளியிடச் செய்தனர். வந்த புள்ளிகள் 64 முதல் 98 வரை பரந்து கிடந்தன. விடை ஒன்று, தராசு பல. அன்று முதல் புள்ளித் திட்டங்களும் மாதிரி விடைகளும் நெருக்கமாயின. நெருங்க நெருங்க நீதி கூடியது உண்மை. மாணவன் சொந்தமாகக் கண்டதொன்றைத் துணிந்து எழுதும் இடம் சுருங்கியதும் உண்மை. குறிப்புப் புத்தக வணிகம் அச்சுருக்கத்திலேதான் தழைக்கின்றது.

அங்ஙனமாயின் காலக்கெடுவுடைய எழுத்துப் பரீட்சையை ஒதுக்கிவிடலாமோ? இக்கேள்வியை மலையகத்திலே நின்று கேட்டால் விடை வேறாகும். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்து, பின் தேயிலையில் உழைத்த மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி வெகுகாலம் தோட்டத் துரையின் தயவிலே தங்கியிருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பள்ளிகளைப் பற்றிப் பேசின. நடைமுறையிற் கிடைத்ததோ பெரும்பாலும் ஓராசிரியர், ஒரே கொட்டகை, சில வகுப்பு. நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும் அதன் நிழல் லயங்களை எட்டவில்லை. பல்கலைக் கழகம் 1952இற் பேராதனைக்கு வந்தது. சுற்றியுள்ள மலைகளிலே கொழுந்து பறித்தோரின் பிள்ளைகளுக்கு அது கண்ணுக்கு அண்மையிலும் காலுக்குச் சேய்மையிலும் இருந்தது. தோட்டப் பள்ளிகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1970களிலேதான்.

அவ்வாறு வந்த பின், லயத்திலே பிறந்த பிள்ளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத எவரும் இல்லை. வாயாற் கேட்டு அளப்போர் முன்னே நிற்க நேர்ந்தால், பேச்சின் ஓசையே அவளை இன்னார் என்று காட்டிக்கொடுத்திருக்கும். விடைத்தாளின் மேலே இருந்ததோ ஒரு சுட்டெண் மட்டுமே. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அதைத் திருத்தியவர் அறிந்தது அவ்வெண்ணையும் அவள் எழுதிய தமிழையும்தான். இராஜவெல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையும் நகரத்து வக்கீல் பிள்ளையும் ஒரே மூன்று மணி நேரத்தைப் பெற்றனர். அவர்கள் வீட்டில் இருந்த நூல்கள் சமமல்ல, விளக்கு சமமல்ல. அம்மூன்று மணி நேரம் சமம். சமமாகக் கொடுக்கப்பட்டவற்றிலே அதுவே முதலாயிருந்தது. ஆகவே கடிகாரத்தை அகற்றச் சொல்வோர் சுட்டெண்ணையும் சேர்த்து அகற்றிவிடாதிருத்தல் வேண்டும். அண்மை ஆண்டுகளிலே வினாத்தாளின் தலைப்பில், வாசிப்பதற்கென மேலதிகமாகப் பத்து நிமிடம் குறிக்கப்படுகின்றது. சிறிய திருத்தம்; எனினும், எழுதுமுன் படிக்க வேண்டும் என்பதைப் பரீட்சையே ஒப்புக்கொண்ட இடம் அது.

நேயர்கள் தாமோதரம்பிள்ளையின் பிற்கால வரலாற்றையும் கேட்டல் நன்று. பட்டம் அவருக்கு உத்தியோக வாயில்களைத் திறந்தது. சட்டமும் கற்றுத் தேறினார். புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் பணியாற்றினார். ஆயினும் அவர் பெயர் தமிழில் நிற்பது ஏடு தேடிய உழைப்பினால். செல்லரித்த ஓலைகளை ஊரூராகத் தேடி, ஒரு பிரதியை மற்றொரு பிரதியோடு ஒத்துப் பார்த்து, தெளியாத சொல்லிலே நாட்கணக்காகத் தங்கி அவர் உழைத்தார். வீரசோழியம் 1881இலும், நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும் வெளிவந்தன. கலித்தொகை 1887இல் அச்சேறியது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டப் பரீட்சையிலே கடிகாரத்துக்கு எதிரில் அமர்ந்து எழுதியவருக்கு, அவ்வேளையில் அப்பரீட்சை முடிந்து முப்பது ஆண்டு நிறையும் தறுவாயில் இருந்தது.