ஒரு வெள்ளியும் ஒரு கனவும்

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த செங்காங்கில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அத்தகைய தோட்டங்களில், சிங்கப்பூரிலும் மலாயாவிலும், இருள் பிரியுமுன் மரம் சீவப் போன நம் முன்னோர் சாதித்த ஒன்றை இன்று நினைவுகூர்வோம்.

திருவாரூரிலிருந்து 1924-ல் சிங்கப்பூர் வந்து, கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தவர் கோ. சாரங்கபாணி. 1935-ல் ‘தமிழ் முரசு’ இதழை ஒரு காசு விலையில் வெளிக்கொணர்ந்தார். பின்னர், அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்றனர் சிலர். சாரங்கபாணி சளைக்கவில்லை, தமிழே வேண்டும் என்று வாதாடினார். 1956-ல் துறை தொடங்கியது. தமிழ் அங்கே பாடமாயிற்று.

துறைக்குத் தமிழ் நூல்கள் வேண்டுமே! ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதிக்கு ஆளுக்கொரு வெள்ளி கேட்டார். தோட்டத் தொழிலாளரும் வியர்வைக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தனர்.

கொடுத்தவர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. ஆயினும், ‘நம்மால் என்ன ஆகும்?’ என்று அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. ‘எனக்குப் படிப்பு வராது’ என்று நம் பிள்ளை புத்தகத்தை மூடும்போது, அந்த ஒரு வெள்ளியின் கதையை நாம் சொல்வோம்.