பரங்கிமலைக் கற்சிலுவையும் இரக்கம் வேண்டும் மரபும்: பர்னல் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

தமிழ்க் கிறித்தவரிடையே மன்னிப்பு என்பது எப்படி வேரூன்றியது என்று எழுதப் புகுவோர் 1580-இலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டில்தான் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் அறியப்படும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கான ‘கொம்பெசியொனாயரு’ என்னும் தமிழ் நூலைக் கொச்சியில் அச்சிட்டார். பாவத்தை வகைப்படுத்துவது, குருவின் முன் சொல்வது, தண்டனை ஏற்பது, மன்னிப்புப் பெறுவது என்ற ஒழுங்கு அச்சேறியதால் வரலாறும் அங்கே தொடங்குவதாக நினைத்துவிட்டோம். இந்தத் தொடக்கம் பிழை என்பது என் கருத்து. இதற்கு ஏழெட்டு நூற்றாண்டுகளாவது முற்பட்ட சான்று சென்னையின் பரங்கிமலை உச்சியிலுள்ள கோயிலின் பீடச் சுவரில் பதிந்திருக்கிறது. அதைச் சான்றாக நாம் எடுத்துக்கொள்ளாமல் போனதற்குப் பெரிய காரணம் ஆர்தர் கோக் பர்னல்.

கல்லைப் பற்றிய அடிப்படைச் செய்திகள் யாவரும் அறிந்தவை. 1547-இல் போர்த்துகீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. புடைப்புச் சிற்பமாகப் பூ நுனிகள் கொண்ட சிலுவை, படிகள், மேலிருந்து இறங்கும் புறா, இருபுறமும் தூண்கள், அவற்றின் மேல் மகரங்கள், மகர வாயிலிருந்து எழும் வளைவு. அவ்வளைவைச் சுற்றி ஓடுகிறது பழம் பாரசீகரின் பஹ்லவி எழுத்து. 1558 முதல் 1704 வரை டிசம்பர் 18-ஆம் நாள் திருவிழாவில் இக்கல் வியர்த்ததாகச் சொல்லப்படும் மரபும் பலர் அறிந்ததே. 16-ஆம் நூற்றாண்டில் பிராமணர் ஒருவரை அழைத்துப் படிக்கச் சொன்னபோது அவர் திருத்தூதர் தோமாவின் வரலாற்றையும் சாவையும் நெடிய கதையாகச் சொன்னார். அத்தனை சிறிய எழுத்தில் அத்தனை பெரிய கதை அடங்காது என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

பர்னல் இக்கதையை ஒதுக்கிவிட்டு எழுத்தைப் பார்த்தார். அதற்காக நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் தஞ்சாவூர் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய எழுத்தியலுக்கு அடித்தளமிட்டவர், தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தந்தவர். தென்னிந்தியப் பஹ்லவிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய சிறு நூல் 1873-இல் மங்களூரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ‘இந்தியன் ஆன்டிகுவரி’யிலும் வந்தது. எழுத்தமைதியை வைத்து ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டு எனக் காலம் குறித்தார். சிலுவையில் தண்டனை ஏற்றுத் துன்புற்றவர் இவர், மெய்யான கிறிஸ்துவும் மேலுள்ள கடவுளும் தூய வழிகாட்டியும் இவரே என்ற பொருள் வரும்படி வாசித்தார்.

இவ்வாசிப்பில் பர்னல் ஒரு கொள்கை அறிக்கையைக் கண்டார். துன்புற்றவரும் மேலுள்ள கடவுளும் ஒருவரே என்று கல் சொல்வதால், இதைப் பொறித்தவர்கள் நேரான சபையிலிருந்து விலகிய பிரிவினர் என்ற முடிவை நோக்கிப் போனார். தென்னாட்டின் பழைய பாரசீகக் குடியேற்றங்களை மானி என்பவர் தோற்றுவித்த சமயத்தாரோடு இணைத்தார். கேரளச் செப்பேடுகளில் வரும் மணிக்கிராமத்தைக்கூட மானியின் பெயரோடு பொருத்தினார். மணிக்கிராமம் ஒரு வணிகக் குழு என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாதது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டே அதற்குப் போதும். மணிக்கிராம வாதம் வீழ்ந்த பின்னும் அதனோடு பிறந்த கல்வெட்டு வாசிப்பு மட்டும் உயிர்தப்பி, நம் திருச்சபை வரலாற்றுச் சிற்றேடுகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை. தொலைவிலிருந்து வந்து மலையுச்சியில் சிலுவை நாட்டியவர்கள் ஒரு கோட்பாட்டை நிலைநாட்டவே வந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்ணம். அவர்களும் அன்றாடம் பிழை செய்து, அஞ்சி, இரக்கம் கேட்ட மனிதர்கள் என்ற நினைவு பர்னலின் பக்கங்களில் எங்கும் இல்லை.

இனி எழுத்துக்கு வருவோம். பஹ்லவியில் ஒரே வடிவம் பல ஒலிகளுக்கு நிற்கும். உயிரொலிகள் பெரிதும் எழுதப்படுவதில்லை. அரமேயச் சொல்லை எழுதிப் பாரசீகமாகப் படிக்கும் வழக்கமும் உண்டு. போதாக்குறைக்கு இக்கல்வெட்டு நீளமான ஒரு பகுதியும் குறுகிய ஒரு பகுதியுமாகப் பிரிந்து வளைவில் ஓடுவதால், எங்கே தொடங்குவது என்பதே வழக்கு. பர்னல் குறும்பகுதியில் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த மார்ட்டின் ஹாக் நெடும்பகுதியில் தொடங்கி, மேசியாவையும் கடவுளையும் தூய ஆவியையும் நம்புகிறவர் சிலுவைத் துன்பம் ஏற்றவரின் அருளில் இருக்கிறார் என்று முடித்தார். பர்னல் விலகலைக் கண்ட இடத்தில் ஹாக் நேரான திரித்துவத்தைக் கண்டார். பஹ்லவி அறிஞர் வெஸ்ட் அதே கோடுகளில் மன்னிப்பவரான மேசியாவைப் பற்றிய கேள்வியையும் விடையையும் படித்தார். 1920-களில் ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோடி, நினிவேயிலிருந்து வந்த அழகிய பறவை ஒன்று தன்னை மன்னித்துத் துன்பத்திலிருந்து விடுவித்த மேசியாவைப் பற்றிப் பேசுவதாகக் கண்டார். பறவையை ஏற்க முடியவில்லை. ஆனால் வெஸ்டும் மோடியும் வெவ்வேறு வழியில் போய் மன்னிப்பு என்னும் பொருளைத் தொட்டிருப்பதை மறக்கலாகாது.

திருப்பம் 1929-இல் வந்தது. வின்க்வொர்த் என்னும் அறிஞர் நெடும்பகுதியை வேண்டுதலாகவும் குறும்பகுதியை அதைப் பொறித்தவனைச் சுட்டும் முடிப்பாகவும் எடுத்தார். ஆண்டவராகிய கிறிஸ்து, சிரியனான சகர்புக்த் என்பவரின் மகன் அஃப்ராஸ் மீது இரங்க வேண்டும்; இதை வெட்டியவன் அவன். இவ்வளவுதான் கல்வெட்டு. பர்னலுக்குச் சிலுவைத் துன்பமாகத் தெரிந்த குறும்பகுதி, இதைச் செய்தவன் யார் என்று சொல்லும் எளிய சொற்றொடராகிவிட்டது. 1970-இல் கெர்ட் குரோப் மகனின் பெயரைச் சப்ரீஷோ என்றார்; கபிரியேல் என்று படித்தவரும் உண்டு. செய்தவனா, கொண்டுவந்தவனா என்பதிலும் ஒருமையில்லை. ஆனால் வேண்டுதல் என்னும் அமைப்பு வின்க்வொர்த்துக்குப் பின் பெரிதும் அசையவில்லை.

நான் நெடுநேரம் நின்ற இடம் சகர்புக்த் என்னும் பெயர். இது வின்க்வொர்த்திடம் உண்டு, குரோப்பிடம் உண்டு. முற்றிலும் வேறான கோட்பாட்டு வாசிப்பைத் தந்த பார்சி அறிஞர் சஞ்சனாவிடமும் 1914-லேயே உண்டு. அவர் அதை மேசியாவின் முன்னோர் வரிசையில் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார். ஒருவர் கருத்தை ஒருவர் ஏற்காத வாசிப்புகளில் ஒரே ஆட்பெயர் திரும்பத் திரும்ப எழுவது தற்செயலாக இருக்க முடியாது. ஆட்பெயர் ஒன்று உறுதியாகுமானால், பர்னலின் கோட்பாட்டு வாக்கியத்துக்குக் கல்லில் இடமில்லை. அந்த எழுத்துகளை அவர் வேறு சொற்களாக உடைத்தே தம் பொருளைப் பெற்றார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. தந்தையின் பெயர் தேறிவிட்டது, இரக்கம் கேட்ட மகனின் பெயர்தான் இன்னும் தேறவில்லை.

இந்த வாசிப்புக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்று உண்டு; அதை மழுப்பக் கூடாது. ஏறக்குறைய இதே எழுத்து கோட்டயம், முட்டுச்சிறா, கடமற்றம், ஆலங்காடு ஆகிய கேரளத் திருக்கோயில்களின் கற்சிலுவைகளிலும், பின்னர் கோவாவின் அகசாயிமில் கிடைத்த கல்லிலும் காணப்படுகிறது. தனி ஒருவனின் வேண்டுதல் என்றால் இத்தனை ஊர்களில் எப்படி? பொதுவான மந்திர வாக்கியம் என்று கொண்டால் எளிதாக விளங்குமே என்று பர்னல் பக்கத்தார் கேட்கலாம். ஒரே கொடையாளர் பல கோயில்களுக்குச் சிலுவை தந்திருக்கலாம்; கடல்வழி வணிகருக்கு அது முடியாத செயலன்று. ஆனால் என் சாய்வு வேறு. பஹ்லவி தெரியாத சிற்பிகள் முதற்கல்லைப் புனிதப் பொருளாகக் கருதி எழுத்தையும் சேர்த்தே படியெடுத்தார்கள் என்பதே பொருந்துகிறது. கோட்டயத்துப் பெரிய சிலுவையில் கலாத்தியர் நிருபத்தின் வாசகம் சிரிய மொழியில் சேர்ந்திருப்பது இதற்குத் துணை. படிக்கத் தெரிந்த மொழியில் ஒன்றைச் சேர்த்தவர்கள், படிக்க முடியாததை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். இது நிறுவப்பட்ட உண்மையன்று, என் ஊகம். முதற்கல் எது என்பதும் முடிவாகவில்லை. பரங்கிமலைக் கல்லை எட்டாம் நூற்றாண்டினதாகவும் ஒன்பதாம் நூற்றாண்டினதாகவும் கொள்வோர் உளர். சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், 849-இல், எழுந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் பஹ்லவியில் கையெழுத்திட்ட சாட்சிகள் இருப்பதால் அக்காலத்தில் இவ்வெழுத்து இக்கரையில் வழங்கியது உறுதி; அதற்குமேல் அந்த ஏடு நமக்கு உதவாது.

இரக்கம் வேண்டும் இக்கல்லை அதே நிலப்பகுதியின் கல்வெட்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். தொண்டை மண்டலக் கோயில்களிலும் பிற சோழர்காலக் கோயில்களிலும் ஒரு வகைச் செய்தி வரும். வேட்டையில் குறி தவறி ஒருவன் மற்றொருவனைக் கொன்றுவிடுகிறான். ஊராரும் நாட்டாரும் கூடுகிறார்கள். இவன் வேண்டுமென்றே செய்யவில்லை, ஆதலால் சாகவேண்டாம், இறந்தவனுக்காகக் கோயிலில் நந்தா விளக்கு எரியட்டும் என்று முடிவாகிறது. விளக்குக்குச் சாவா மூவாப் பேராடாக 90 அல்லது 96 ஆடு விடப்படுகிறது. குற்றம் இன்னது, தீர்த்தவர் இன்னார், செலவு இவ்வளவு என்று எல்லாம் கல்லில் ஏறுகிறது. இரு குடும்பங்கள் மீண்டும் ஒரே ஊரில் வாழவேண்டிய தேவைக்கு ஊர் கண்ட வழி இது, உயர்ந்த வழியும்கூட. பரங்கிமலைக் கல்லிலோ குற்றமும் இல்லை, தீர்ப்பாரும் இல்லை, ஈடும் இல்லை. தன் பெயர், தந்தை பெயர், இரக்கம் என்னும் ஒரு வேண்டுதல். கிழக்குச் சிரியச் சுவடிகளின் இறுதியில் எழுத்தர்கள் தம்மைப் பாவி என்று சொல்லி, படிப்பவர் தமக்காக வேண்டும்படி கேட்கும் மரபோடுதான் இது சேர்கிறது. அங்கேயும் கேட்பவர் எதைச் செய்தார் என்று சொல்வதில்லை.

கடவுளிடம் இரக்கம் கேட்பது வேறு, அடுத்தவரை மன்னிப்பது வேறு அல்லவா என்று கேட்கலாம். இங்கே சான்று மெலிந்துதான் இருக்கிறது. பரங்கிமலையில் அன்று நடந்த வழிபாட்டைப் பற்றி இக்கல் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் இத்தகைய சிலுவை நின்ற சபைகள் கிழக்குச் சிரிய வழிபாட்டைச் சேர்ந்தவை. அவ்வழிபாட்டில் நற்கருணைக்கு முன் சமாதானம் பீடத்திலிருந்து புறப்பட்டு ஆளுக்கு ஆள் கைமாறி வரும். பக்கத்தில் நிற்பவனோடு பகை வைத்துக்கொண்டு அந்தக் கையை நீட்ட முடியாது. கல்லில் கேட்ட இரக்கம் கைகளில் சுற்றி வந்தது என்று நான் துணிந்து சொல்வேன். 1599-இல் உதயம்பேரூரில் பேராயர் மெனெசிஸ் கூட்டிய மன்றம் குருவிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தை வலியுறுத்தியபோது, மன்னிப்பு சபையின் கைகளிலிருந்து குருவின் செவிக்கு நகர்ந்தது. அண்டிரிக் அடிகளாரின் 1580 நூல் அந்த நகர்வின் தமிழ் முகம். அதைத் தொடக்கம் என்பது பொருந்தாது.

கைவழிச் சமாதானம் முழுதும் மறையவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் வகுத்த திருவிருந்து ஒழுங்கில் சிரிய மரபிலிருந்து அதை எடுத்துக்கொண்டது. ஒருவர் வலக்கை மற்றவர் வலக்கையில் படிய, இருவரும் இடக்கையால் அதை மூடிச் சமாதானத்தைக் கடத்துகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் 1969-இல் உரோமையின் ஒப்புதல் பெற்ற, வழிபாட்டை இந்தியப் பண்பாட்டுக்கு இசைவாக்கும் பன்னிரு அம்சங்கள், கைகூப்பியோ ஒருவர் கைகளை மற்றவர் கைகளுக்குள் வைத்தோ சமாதானம் பகிர இடம் தந்தன. சாதியின் பெயரால் தொடுகையே மறுக்கப்பட்ட செங்கல்பட்டு வட்டாரத்தில் இந்தத் தொடுகை என்ன செய்தது, எங்கே வெறும் சடங்காய்ப் போனது என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இதை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக்காக எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரையும் மன்னிப்பையும் சேர்த்துச் சொன்னால் வாசகர் நினைவு ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்ட 1991 மே 21-க்குப் போகும். அது வேறு வரலாறு. இங்கே நான் நினைப்பது ஆலைகளைச் சுற்றி வளர்ந்த புதிய சபைகளை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்ததைக் கடந்து, தென்மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரே அறையில் பலர், மாறி மாறி வரும் ஷிப்ட், ஊரிலிருக்கும் தகப்பனோடு முடியாத மனத்தாங்கல், கொடுத்த கடன் திரும்பாத நண்பன். பகைக்கும் பொறுத்தலுக்கும் அன்றாடம் இடம் தரும் வாழ்க்கை இது. ஊர் கூடித் தீர்க்க இங்கே அவர்களுக்கு நாட்டார் இல்லை. 2002-இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தில்தான் பரங்கிமலையும் இந்த ஆலைப் பகுதியும் சேர்ந்து இருக்கின்றன. வேலை தேடி வந்தவர்களின் மறைமாவட்டத்திலேயே, கடல் கடந்து வந்த ஒருவன் தனக்கு இரக்கம் கேட்ட கல் இருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். தமிழில் திருச்சபை வரலாறு எழுதுவோரும் மறைக்கல்வி தருவோரும் பர்னலின் வாசிப்பைக் கல்வெட்டின் பொருளாக இனியும் தரவேண்டாம். அதை ஆய்வு வரலாற்றில் ஒரு கட்டமாக மட்டும் குறிப்பிட்டு, வின்க்வொர்த்துக்குப் பிந்தைய வாசிப்புகளைத் தாருங்கள். கல்வெட்டியலார் பரங்கிமலை, கோட்டயம், முட்டுச்சிறா, கடமற்றம், ஆலங்காடு, அகசாயிம் கற்களின் எழுத்தை ஒரே ஒளியில், ஒரே அளவில் படமெடுத்து வரிக்கு வரி அருகருகே வெளியிட வேண்டும். முதற்கல் எது என்பதும், அந்த மகனின் பெயர் அஃப்ராஸா சப்ரீஷோவா கபிரியேலா என்பதும் அதன் பிறகே முடிவாகும்.